பாலத்தடிச் சாட்சி

இல்லைங்க வக்கீலம்மா, டீ வேணாம். தண்ணி போதும். கதவ மட்டும் சாத்தச் சொல்லுங்க. வெளிய உக்காந்திருக்கானே, அவனப் பாத்தா மஹல்லாக்காரன் மாதிரித் தெரியுது. உங்க கிளார்க்கா? இந்தத் தந்தா ஊர்லயே பொறந்து வளந்தவனா? சரி. இருந்தாலும் சாத்திருங்க. பேனாவ இப்ப எடுக்காதீங்க. நான் சொல்றப்ப எடுங்க.

என் பேரு பயூமி. மஹல்லாவுல ரயில் மேம்பாலத்துக்குக் கீழ ஹாஜி துசூக்கியோட ரொட்டிக்கடை இருக்குல்ல, அதுல பதினாறு வருஷமா அடுப்பு முன்னாடி நிக்கிறவன். ஷுரூக்கோட அப்பா. ஆமா, அந்தப் பொண்ணுதான். தயிர் வண்டியில கால் போன பொண்ணு. ஏங்க அப்படிப் பாக்குறீங்க? எடம் மாறி வரல. நீங்க டிரைவர் பொண்டாட்டி சமாஹ்வோட வக்கீல்னு தெரிஞ்சுதான் வந்தேன். மினி பஸ்ல வந்தா தெருக்காரன் எவனாவது பாத்துருவான்னு ரயிலேறி வந்தேன். வீட்ல என் பொண்டாட்டி அஸ்ஸாகிட்ட மாத்திர வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த டிரைவர் சாகுறதுக்கு முன்னாடி, பிரேக் புடிக்கலன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தான்னு வைங்க. அது கோர்ட்டுல நிக்குமா?

யாரு காதால கேட்டாங்கன்றதப் பொறுத்தா. ம். கேட்டவன் நேர்ல வந்து, பேரு ஊரு சொல்லி, சத்தியம் பண்ணிச் சொல்லணுமா. பேரு போடாம ஒரு கடுதாசி எழுதி ஜட்ஜுக்குப் போட்டா? குப்பைக்குத்தான் போகுமா. சரி சரி, சிரிக்காதீங்க, தெரியாமத்தான கேக்குறேன். அப்படித்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன்.

சொல்றேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் எனக்கே வரும்.

மார்ச் மாசம், செவ்வாக்கெழம. காலைல ஏழரை இருக்கும். கடைக்கு முன்னாடி வழக்கம்போல ரெண்டு வரிசை. ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம். பொம்பளைங்க வரிசையில மட்டும் நாப்பது பேரு இருப்பாங்க, பாதிப் பேரு இடுப்புல கொழந்தையோட. ஷுரூக் எங்க வீட்டு ரேஷன் அட்டையக் காமிச்சு ரொட்டி வாங்கிட்டா. ஒம்பது வயசு. சுடச்சுடப் பையில போட்டா ரொட்டி வேத்துப்போகும்னு, வெளிச் சுவத்தோரம் கெடக்குற மட்டைத் தட்டுல ஒண்ணொண்ணா பரப்பி ஆற வச்சுக்கிட்டிருந்தா. நான் சொல்லிக்குடுத்ததுதான் அது. நான் உள்ள அடுப்புவாயில நிக்கிறேன். ஜன்னல் வழியா அவ பின்னல் மட்டும் தெரியுது.

அப்பத்தான் ஹாரன் சத்தம். பாலத்து உச்சியில ஆரம்பிச்சது, நிக்கவே இல்ல. மஹல்லாவுல ஹாரன் யாருக்குப் புதுசு? எவனோ மாப்பிள்ள ஊர்வலம் வந்துட்டான்யான்னு பக்கத்துல மாவு பெசையறவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அதுதான் நான் கடைசியாச் சிரிச்சது.

வண்டி எறக்கத்துல வருது. நேரா பொம்பளைங்க வரிசைக்கு வருது. வரிசை கலையவே இல்ல, வக்கீலம்மா. ரொட்டி வரிசையில ஒரு தடவ எடம் விட்டா மறுபடி கெடைக்காதுல்ல, ஒருத்தியும் நகரல. பத்தடி இருக்கும்போது வண்டிய ஒடிச்சான். ஒடிச்சு எங்க கடைச் சுவத்துல கொண்டாந்து விட்டான். சுவரு உள்ள வந்துச்சு. செங்கல், தட்டு, ரொட்டி, எல்லாம் என் மேல. அடுப்புலேந்து நெருப்பு நாக்கு நீட்டிக்கிட்டு வெளிய வருது. கேஸ மூடுங்கடான்னு யாரோ கத்துறான். எனக்குக் காதுல ஊய்ங்குது.

அந்த நாப்பது பொம்பளைல ஒருத்திக்கும் சிராய்ப்புகூட இல்ல. என் பொண்ணு மட்டும் சுவத்துக்கும் வண்டி மூக்குக்கும் நடுவுல.

கால் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். கேக்காதீங்க. ஒரு செருப்பு அவ தலைக்குப் பக்கத்துல கெடந்துச்சு, அது கால்லருந்து கழண்டு வந்த செருப்பு இல்ல. போதும்.

வண்டிப் பின்கதவு வெடிச்சுத் தெறந்து தயிர் டப்பா பூரா ரோட்டுல. வெள்ள வெளேர்னு. அதுல ரத்தம் ஓடி வந்து கலக்குது. ஒருத்தன் வழுக்கி விழுறான், அவன் மேல இன்னொருத்தன் விழுறான். கூச்சலோ கூச்சல். அப்ப யாரோ கத்துனான், பொண்ணு செத்துருச்சு, பயூமி பொண்ணு செத்துருச்சுன்னு. யாரு கத்துனதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. தெரிஞ்சா அவன்கிட்ட ஒண்ணும் கேக்கப் போறதில்ல. அவனுக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்.

டிரைவரா? எறங்குனான். ஆமாங்க, எறங்குனான், தன் கால்ல எறங்குனான். ஸ்டீரிங்ல நெஞ்சு மோதி சீட்லயே செத்துட்டான்னு ரிப்போர்ட்ல இருக்கு, தெரியும். அது பொய். நெத்தியில ஒரு வெட்டு, அவ்வளவுதான் அவனுக்கு. எறங்குனவன் ஓடல. பாலத்துப் பக்கம் வழி தெறந்துதான் கெடந்துச்சு, ஓடியிருக்கலாம். வண்டி முன்னால வந்து, தோளக் குடுத்து வண்டியப் பின்னால தள்ளுறான். ஒத்த ஆளு. தள்ளுங்கய்யா, தள்ளுங்கய்யான்னு கத்துறான். நாலு டன் வண்டி, ஒத்த ஆளு தள்ளுனா நகருமா?

அப்புறம் ஜனம் சேந்துருச்சு.

சேந்துச்சுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க கோர்ட்ல பேப்பராத்தான் பாத்திருப்பீங்க. மொதல்ல கையால அடிக்கிறாங்க. கை வலிக்குதுன்னா கைல கெடச்சதால அடிக்கிறாங்க. ரொட்டி அடுக்குற தட்டால அடிச்சாங்க. ஆட்டோக்காரன் ஒருத்தன் சங்கிலியக் கழட்டிட்டு வந்தான். ஒரு பொம்பள, அந்த வரிசையில நின்ன பொம்பளதான், ஈரச் செருப்பால வாயிலயே அடிச்சா. தன் உசுரக் காப்பாத்துனவன்னு அவளுக்குத் தெரியாது. அவன் கையத் தலைக்கு மேல வச்சுக்கிட்டுக் குந்துறான். கையத் தட்டிவிட்டுட்டு அடிக்கிறாங்க. மாவு மூட்டைய லாரியிலேந்து கீழ எறியுற சத்தம் கேட்டிருக்கீங்களா? பொத்து பொத்துன்னு. அந்தச் சத்தம். அப்புறம் மூட்டை கிழிஞ்ச மாதிரி வேற சத்தம். ஒருத்தன் மேல ஏறிக் குதிச்சான். பல்லு ஒண்ணு தயிர்ல வந்து விழுந்துச்சு, ரெண்டும் ஒரே நிறம்.

ஆமா. இன்னொரு பக்கம் டப்பாவப் பொறுக்குறாங்க. உண்மையச் சொல்றேன், மறைக்கல. ஒருத்தன் அடிச்சுக்கிட்டே இருக்கான், அவன் பொண்டாட்டி பக்கத்துலயே துப்பட்டாவ விரிச்சு தயிர் டப்பாவ அள்ளுறா. அன்னைக்கு எங்க தெருவுல தயிர் இல்லாத வீடு கெடையாது. எங்க வீட்டுக்கே ஒரு பெட்டி வந்துச்சு, பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்குறா, சமைக்க நேரம் இருக்காதுல்லன்னு பக்கத்து வீட்டுக்காரி வச்சிட்டுப் போயிருந்தா. நல்ல மனசுலதான் வச்சா. அஸ்ஸா அதத் தூக்கி மொட்டை மாடியிலேந்து எறிஞ்சா.

என்ன கேட்டீங்க? நான் பொண்ணு கூட ஆட்டோவுல போனேன்னு போலீஸ்ல எழுதிக்குடுத்திருக்கேனா. ஆமா, எழுதிக்குடுத்திருக்கேன். அப்ப இதெல்லாம் எப்படிப் பாத்தேன்னு கேக்குறீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். இருங்க, வர்றேன் அதுக்கு.

பொண்ண எடுத்தது பொம்பளைங்கதான். அதே வரிசைப் பொம்பளைங்க பத்துப் பேரு சேந்து வண்டிய அசைச்சு அவள இழுத்து ஆட்டோவுல போட்டுட்டுப் போயிட்டாங்க. அவ செத்துட்டான்னு ஊரே நெனக்குது, அவ ஆட்டோவுல, என் ரொட்டி எங்கன்னு கேட்டாளாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தப்ப மத்தியானத் தொழுகைக்கு வாங்கு சொல்லிட்டாங்க. நாலரை மணி நேரம் இருக்குமா, அவ்வளவு நேரம் கழிச்சுத்தான் அவ உயிரோட இருக்கான்னே எனக்குத் தெரியும். முட்டிக்கு மேல எடுத்துட்டோம், உசுரு தப்பிச்சுருச்சு, அல்லாவுக்கு நன்றி சொல்லுன்னாரு டாக்டர். சொன்னேன். அங்கயே தரையில விழுந்து சொன்னேன். எந்திரிக்கும்போது பக்கத்துல ஸ்ட்ரெச்சர்ல ஒரு ஆளு, மொகம் வரைக்கும் மூடியிருக்கு. தயிர் வண்டி டிரைவர்னு வார்டுக்காரன் சொன்னான். செருப்பு மட்டும் வெளிய தெரிஞ்சுது. குதிகால் தேஞ்ச பிளாஸ்டிக் செருப்பு.

ரெண்டு நாள் கழிச்சு ஹாஜி துசூக்கி காபிக்கடையில எல்லாரையும் கூட்டுனாரு. தெருவே வந்துச்சு. ஹாஜி சொன்னாரு, இங்க பாருங்கப்பா, செத்தவன் செத்துட்டான். இனி ஒருத்தன் பேரச் சொன்னா நாப்பது வீட்டுல அடுப்பு எரியாது. அவன் சீட்லயே செத்துட்டான். எல்லாரும் பாத்தோம். அவ்வளவுதான். யாராச்சும் வேற மாதிரிப் பாத்திருந்தா இப்பவே சொல்லிருங்க, இந்தத் தெருவுல அவனுக்கு வேலையும் இல்ல வீடும் இல்ல. ஒருத்தனும் வேற மாதிரிப் பாக்கல. போலீஸ்ல வாக்குமூலம் எழுதுன அதிகாரி முப்பதாவது ஆளு வந்தப்ப பேனாவக் கீழ வச்சுட்டாராம், நீங்கல்லாம் ஒரே வாத்தியாருகிட்ட படிச்சவங்களாடான்னு. ஆனா எழுதிக்கிட்டாரு. அவருக்கும் அது சௌகரியம். என் வாக்குமூலமும் அதுலதான் இருக்கு. ஆமா, கையெழுத்து என்னோடதுதான்.

இதுல ரொம்பச் சந்தோஷப்பட்டது யாருன்னா தயிர்க் கம்பெனிதான். டிரைவர் உயிரோட இருந்தா வாயத் தொறப்பான். சீட்லயே செத்துட்டான்னா ஒரு வார்த்த பேசல. பேசாதவன் மேல எதை வேணாலும் போடலாம்ல.

கம்பெனி வக்கீல் போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தாரு. ஒரு கூடை ஆரஞ்சு. ரொம்ப மரியாதையான ஆளு, கட்டில்ல உக்காந்து ஷுரூக்குக்கு அவரே ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாரு. உரிச்சுக்கிட்டே பேசுறாரு. பயூமி, உன் பொண்ணுக்குக் கெய்ரோவுல நல்ல காலா வச்சுத் தர்றோம். வளர வளர மாத்தணும், இருவது வயசு வரைக்கும் நாங்களே மாத்தித் தர்றோம். நீ ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். டிரைவர் கண்ணுமண்ணு தெரியாம வேகமா வந்தான், ஒரு தடவகூட பிரேக்க அழுத்தல, வண்டியிலயே செத்தான். கண்ணு செவந்து போதை மாத்திர போட்டவன் மாதிரி இருந்தான்னு ஒரு வரி சேத்தா இன்னும் நல்லாருக்கும்னாரு. சீட்லயே செத்தவன் கண்ண நான் எப்படிங்க பாத்தேன்னு கேட்டேன். யோசிச்சாரு. அந்த வரி வேணாம், விட்டுருன்னாரு.

அப்ப நான் ஒண்ணு கேட்டேன், சும்மாத்தான் கேட்டேன். இவ்வளவு காசு கம்பெனி குடுக்குதே, நஷ்டம் இல்லையான்னு. சிரிச்சாரு. நாங்க ஏன்பா நஷ்டப்படணும்? தப்பு டிரைவரோடதுன்னு ஆயிருச்சுன்னா, உனக்குக் குடுக்குறத நாங்க அவன் சொத்துலேந்து எடுத்துக்குவோம். சமன்னூத் பக்கத்துல ஒரு துண்டு நெலம் இருக்கு, வீடு ஒண்ணு இருக்கு. வண்டி போன காசும் சேத்து வரும். பொண்டாட்டிக்கு வேலையில செத்த பணமும் குடுக்க வேண்டியதில்ல. சட்டம் தெளிவா இருக்குன்னாரு. சொல்லிட்டு கொட்டைய எடுத்துட்டு ஒரு சுளைய ஷுரூக் வாயில வச்சாரு.

எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. என் பொண்ணு கால அந்தப் பொம்பளையோட வீட்ட வித்து வாங்கித் தர்றாங்க.

அஸ்ஸா என்ன சொன்னாளா? போடுன்னா. அவ மேல தப்பு சொல்லாதீங்க. ராவும் பகலும் அந்தப் புண்ணத் தொடைக்கிறவ அவதான். போட்டுருங்க, செத்தவனுக்கு என்ன நஷ்டம், நம்ம பொண்ணு நடக்கட்டும்னா. யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பி வச்சேன். அந்தத் தாள் இன்னும் அலமாரியில இருக்கு.

இதுக்கு நடுவுல உங்க சமாஹ் வர ஆரம்பிச்சுது. உங்ககிட்ட சொல்லியிருக்காது. சனிக்கெழமைக்குச் சனிக்கெழம, சமன்னூத்லேந்து, கருப்பு அபாயாவ மாட்டிக்கிட்டு, புருஷன் போட்டோவ எடுத்துக்கிட்டு, பாலத்தடியில கடை கடையா ஏறும். இவரு எதாச்சும் பேசுனாரா, யாராச்சும் கேட்டீங்களான்னு. இவரு வீட்ல மூணு நாளா பிரேக் சரியில்ல சரியில்லன்னு பொலம்பிக்கிட்டிருந்தாரு, டிப்போவுல சொல்லிட்டேன்னாரு, அத இங்க யாருகிட்டயாச்சும் சொன்னாரான்னு. எல்லாரும் இல்லன்னு தலைய ஆட்டுவாங்க. மெக்கானிக் கடைக்காரன் அழுக்குத் தண்ணிய எடுத்துக் காலடியில ஊத்துனான். அது அபாயாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போச்சு.

மொத தடவ எங்க வீட்டுக்கே வந்துச்சு. கையில ஒரு வாத்து, உயிரோட, கால் கட்டி. இருவது முட்டை. பொண்ணுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன் அண்ணே, அவரு சார்பா, அவரு வேணும்னு பண்ணியிருக்க மாட்டாருன்னுச்சு. அஸ்ஸா அடுப்பங்கரையிலேந்து வெளிய வரவே இல்ல. நான் நிக்கிறேன், மொகத்தப் பாக்க முடியல, வாத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஷுரூக்தான் கட்டில்லேந்து, அது கடிக்குமான்னு கேட்டா. கடிக்காது கண்ணு, கழுத்த இப்படித் தடவுனா தூங்கிரும்னு சமாஹ் சொல்லிக் குடுத்துச்சு. இப்ப அந்த வாத்து எங்க வீட்லதான் திரியுது. அறுக்க விட மாட்டேங்குறா. அதுக்கு டிப்போன்னு பேரு வச்சிருக்கா, அவளுக்கு அந்த வார்த்த புடிச்சுப்போச்சாம்.

போன வாரம் நான் கடையில நிக்கிறப்பவே வந்துச்சு. ஹாஜி மகன் வெளிய வந்து, ஏய், உன் புருஷன் எங்க கடைய இடிச்சான், எங்க பொண்ணு கால எடுத்தான், இன்னும் என்ன வேணும் உனக்குன்னு நெஞ்சுல கைய வச்சுத் தள்ளிட்டான். படியில விழுந்துச்சு. உதடு கிழிஞ்சு ரத்தம். போட்டோ கண்ணாடி ஒடைஞ்சு கையிலயும் ரத்தம். வரிசையில நின்ன ஜனம் பாத்துக்கிட்டு நிக்குது. ஒருத்தி, அன்னைக்கு செருப்பால அடிச்சாளே அவதான், இன்னும் ரெண்டு போடுன்னா.

நான் போய்த் தூக்குனேன். தூக்குனப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு சொல்லுச்சு. அண்ணே, கேஸ் போனாப் போகட்டும், வீடு போனாப் போகட்டும், எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான், அவரு ஒடனே போனாரா, இல்ல கொஞ்ச நேரம் இருந்தாரா. குளிப்பாட்டுறப்ப என்ன விடல, ஆனா கழுத்தப் பாத்தேன், ஸ்டீரிங் கழுத்துல எப்படிப் படும்னுச்சு.

அத உங்ககிட்டயும் சொல்லுச்சா. ஆமா, சொல்லியிருக்கும்.

சரி. பேனாவ எடுங்க இப்ப.

எழுதுங்க. வண்டியத் தள்ளிக்கிட்டிருந்தப்ப டிரைவர் இஸ்ஸத் சொன்னது. அப்படியே அவரு சொன்ன மாதிரி எழுதுங்க. பெடல் தரையத் தொட்டுருச்சு. பாலத்து மேலயே தொட்டுருச்சு. ஞாயித்துக்கெழம டிப்போ நோட்டுல எழுதுனேன், என் கையால எழுதுனேன், பிரேக் இல்லன்னு. மேஸ்திரி அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டான். வண்டி எடுக்கலன்னா வீட்டுக்குப் போன்னான். எழுதிட்டீங்களா? ஞாயித்துக்கெழம. நோட்டுப் பக்கத்துல நம்பர் இருக்கும்ல, ஒண்ணு கொறையுதான்னு ஜட்ஜு பாக்கச் சொல்லலாம்ல? சத்தியப் பிரமாணத்தோட ஒரு சாட்சி சொன்னாத்தான் நோட்டக் கொண்டான்னு உத்தரவு போடுவாரா. அதுக்குத்தான வந்திருக்கேன்.

இவ்வளவு சத்தத்துல எனக்கு எப்படிக் கேட்டுச்சா.

மத்தவங்க யாருக்கும் கேட்டிருக்காது. சத்தமாச் சொல்லல அவரு. சத்தமாச் சொல்ல முடியல. யாரு யாரு அடிச்சாங்கன்னு கேக்காதீங்க, என்னைக் கொன்னாலும் வராது அது. நாப்பது பேரு இருந்தாங்க. ஆனா அதெல்லாம் அப்புறம். ஜனம் சேருறதுக்கு முன்னாடி ஒரு ஆளுதான் அங்க போனான். சுவத்து ஓட்டை வழியா வெளிய வந்து, வண்டியத் தள்ளிக்கிட்டிருந்தவரப் பின்னாலேந்து இழுத்துத் திருப்பி, வண்டி மூக்குல சாத்தி வச்சான். அவரு மூச்சு அவன் கன்னத்துல பட்டுச்சு, அவ்வளவு கிட்ட. வெந்தயம் வாசன வந்துச்சு, காலைல எதோ சாப்ட்டிருக்காரு. நான்தாங்க. என் ரெண்டு கையிலயும் அவரு கழுத்து இருந்துச்சு. பதினாறு வருஷம் மாவு அடிச்ச கை. பெடலப் பத்திச் சொன்னாரு, நோட்டப் பத்திச் சொன்னாரு, எல்லாம் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. நான் விடல. சொல்லி முடிச்சப்புறமும் விடல. மத்தவங்க வந்து அடிச்சதெல்லாம் பாதி போன ஆளத்தான். அது அவங்களுக்கும் தெரியாது.

இன்னொண்ணும் சொன்னாரு. அது கேஸுக்கு வேணாம், சமாஹ்கிட்ட நீங்களே சொல்லிருங்க, என்னால முடியாது. அதுதான் மொதல்ல சொன்னாரு. அண்ணே, விடுங்க, பொண்ணு உயிரோட இருக்கா, கூப்புடுறா பாருங்க, வாங்க ரெண்டு பேரும் சேந்து தள்ளுவோம்னாரு.

ஷுரூக் கேட்டா, ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சதும். பாபா, நான் கூப்புட்டேனே, நீ எங்க போனேன்னு.

ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்கம்மா. அஞ்சு மணி ரயில விட்டா அஸ்ஸா தேடுவா. பிரேக்க மொதல்ல எழுதுங்க. என் கையப் பத்தி அதுக்குக் கீழ எழுதிக்கலாம்.